முத்துப் பார்களைப் படித்த மனிதர்: ஜேம்ஸ் ஹார்னெல்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

சுவாதி நட்சத்திரத்தன்று பெய்யும் மழைத்துளி, கடலின் மேல்மட்டத்துக்கு வந்து வாய் திறந்து காத்திருக்கும் சிப்பிக்குள் விழுந்தால் அது முத்தாக மாறிவிடும் என்று என் அம்மாச்சி சொல்வார்கள். சிறு வயதில் எத்தனையோ இரவுகள் நான் இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே உறங்கியிருக்கிறேன். ஆனால் என் தாத்தா இளமையில் கீழக்கரைப் பக்கம் சங்கு குளித்தவர். அவர் இதைக் கேட்டாலே சிரிப்பாராம். சிப்பி பாறையில் ஒட்டிக்கொண்டு கிடப்பது. அது எப்படி மேலே வந்து வாய் திறக்கும் என்று கேட்பாராம். அம்மாச்சிக்குக் கோபம் வந்துவிடுமாம்.

இவ்வாண்டு உயிரியல் வகுப்பில் சூழ்நிலை மண்டலம் என்ற பாடம் நடந்தது. கரும்பலகையின் நடுவே ஆசிரியை ஒரு கோடு கிழித்தார்கள். இடப்பக்கம் உயிருள்ள காரணிகள்: தாவரங்கள், விலங்குகள், நுண்ணுயிர்கள். வலப்பக்கம் உயிரற்ற காரணிகள்: ஒளி, வெப்பம், நீர், காற்று, மண், உப்பு. ஐந்து மதிப்பெண் வினா என்பதால் எல்லாரும் மனப்பாடம் செய்துவிட்டோம். பிறகு ஆண்டு மலருக்காக ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாற்றை எழுதச் சொன்னார்கள். மேரி கியூரியையும் சர் சி. வி. இராமனையும் தோழியர் முதலிலேயே எடுத்துக்கொண்டார்கள்! எனக்குக் கிடைத்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். முதலில் சற்று வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் வாழ்ந்த வாழ்க்கையைப் படிக்கப் படிக்க, ஆசிரியை கிழித்த அந்த நடுக்கோடு கடல்நீரில் நனைந்து அழிந்துகொண்டே வருவதுபோல் எனக்குத் தோன்றியது. ஏன் என்று சொல்கிறேன்.

ஹார்னெல் 1865-ஆம் ஆண்டு பிரிட்டனில் பிறந்தார். இளமையிலேயே கடல்வாழ் உயிர்களின் மீது அவருக்குத் தீராத ஆர்வம். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே உள்ள ஜெர்சி என்ற சிறு தீவில், தம் மாமனார் ஜோசப் சைனல் என்பவருடன் சேர்ந்து ஒரு கடல் உயிரியல் நிலையத்தை நடத்தினார். கரையில் கிடைக்கும் சிற்றுயிர்களைப் பதப்படுத்தி, நுண்ணோக்கியில் பார்ப்பதற்கேற்ற கண்ணாடித் தகடுகளாகத் தயாரித்துக் கல்லூரிகளுக்கும் ஆர்வலர்களுக்கும் விற்பது அவர்களது தொழில். அலை வற்றும் நேரத்தில் பாறை இடுக்குகளில் குனிந்து தேடும் வழக்கம் அவருக்கு அங்கேதான் படிந்திருக்க வேண்டும்.

அவரை நம் கடலுக்கு அழைத்து வந்தது ஒரு பெரும் புதிர். மன்னார் வளைகுடாவின் முத்துக்கள் உலகப் புகழ் பெற்றவை என்பதை நாம் அறிவோம். பாண்டியர் காலத்தில் கொற்கை முத்து கடல் கடந்து சென்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ இக்கரையின் முத்துக்குளிப்பை வியந்து எழுதி வைத்தார். ஆனால் இந்தச் செல்வத்துக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. சில ஆண்டுகள் அள்ளி அள்ளிக் கொடுக்கும். திடீரென்று ஒரு சிப்பிகூட இல்லாமல் போய்விடும். இலங்கைப் பக்கத்தில் 1837-லிருந்து 1854 வரை முத்துக்குளிப்பே நடக்கவில்லை. 1887 முதல் 1891 வரை ஐந்து ஆண்டுகள் நன்றாக நடந்தது. அதன்பின் பத்தாண்டுக்கு மேல் மறுபடியும் வறட்சி. சிப்பிகள் எங்கே போயின? யாராவது திருடினார்களா? மீன்கள் தின்றனவா? கடலே விழுங்கிவிட்டதா?

இதைக் கண்டறிவதற்காக லிவர்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மேனை அன்றைய இலங்கை அரசு வரவழைத்தது. அவர் 1902-ஆம் ஆண்டு தொடக்கத்தில் வந்தார். அவருக்கு உதவியாளராக வந்தவரே முப்பத்தாறு வயதான ஹார்னெல். பேராசிரியர் சில மாதங்களில் ஊர் திரும்பிவிட்டார். ஹார்னெல் இங்கேயே தங்கிவிட்டார். இருவரும் சேர்ந்து அளித்த அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பெரும் தொகுதிகளாக வெளிவந்தது. அட்டையில் பேராசிரியரின் பெயர்தான் பெரிதாக இருக்கும். ஆனால் மாதக்கணக்கில் படகில் வெயிலில் காய்ந்து பார்களைச் சோதித்தவர் உதவியாளர்தான் என்பது என் எண்ணம்.

பார் என்பது என்ன என்று உள்ளூர்த் தோழியருக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடுதியில் தங்கிப் படிக்கும் வெளியூர்த் தோழியருக்காகச் சொல்கிறேன். கடலடியில் எங்கும் மணல் விரிந்து கிடக்க, நடுநடுவே பாறைத் திட்டுகள் இருக்கும். அவற்றையே எங்கள் கடற்கரையில் பார் என்கிறோம். முத்துச்சிப்பி பாரில்தான் வாழும். ஒவ்வொரு பாருக்கும் பெயருண்டு. பெரிய பார், கொண்டாச்சிப் பார் என்று அந்த வெள்ளைக்காரர்களின் அறிக்கையிலும் தமிழ்ப் பெயர்களே நிறைந்திருக்கின்றன. பார் என்ற சொல்லையே அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கி இறங்கிய குளியாளிகள் அறிந்து வைத்திருந்ததைத்தான் அவர்கள் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இப்போது பெரிய பாரின் கதையைக் கேளுங்கள். ஹார்னெலின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

பெரிய பார் இலங்கைக் கரையிலிருந்து ஏறக்குறைய இருபது மைல் தொலைவில், எட்டுப் பத்துப் பாகம் ஆழத்தில் கிடக்கிறது. நீளம் பதினோரு கடல் மைல். அதைத் தாண்டினால் கடலடி மலைச்சரிவுபோல் இறங்கி, சில மைல்களுக்குள் நூறு பாகத்துக்கும் மேல் ஆழமாகிவிடும். 1902 மார்ச் மாதம் அங்கே பார்த்தபோது குஞ்சுச் சிப்பிகள் கம்பளம் விரித்தாற்போல் எண்ணி மாளாமல் படிந்திருந்தன. யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்? இன்னும் மூன்று நான்கு ஆண்டுகளில் அரசின் கருவூலம் நிறைந்துவிடும் என்றுதானே! அதே ஆண்டு நவம்பரில் ஹார்னெல் மீண்டும் அங்கே சென்றார். ஒரு சிப்பிகூட இல்லை. முழுப் பாரும் வெறுமையாகக் கிடந்தது.

மார்ச்சுக்கும் நவம்பருக்கும் இடையில் என்ன நடந்தது? தென்மேற்குப் பருவக்காற்று அடித்தது; அவ்வளவுதான். ஆழ்கடலின் ஓரத்தில் எவ்விதத் தடுப்பும் இல்லாமல் கிடக்கும் அந்தப் பாரின் மேல் சோழகக் காற்றும் அது கிளப்பிய நீவாடும் முழு வேகத்தோடு மோதின. குஞ்சுகள் ஒன்று மணலால் மூடப்பட்டு மூச்சு முட்டி இறந்தன. அல்லது நீவாட்டில் அடித்துச் செல்லப்பட்டுச் சரிவில் விழுந்தன. பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தால், 1880-க்குப் பிறகு அந்தப் பாரில் குறைந்தது பதினொரு முறை குஞ்சுகள் படிந்திருந்தன. ஒரு முறைகூட அவை முத்துக்குளிக்கும் பருவம் வரை பிழைக்கவில்லை! பதினொரு முறை நம்பிக்கை, பதினொரு முறை ஏமாற்றம்.

இதிலிருந்து அவர்கள் கண்ட வழி எளிமையானது. எப்படியும் சாகப்போகும் குஞ்சுகளைப் பருவக்காற்று தொடங்குமுன் வாரி எடுத்து, கரைக்கு அருகே பாதுகாப்பான பார்களில் கொண்டுபோய் விதைக்க வேண்டும். வயலில் நாற்றுப் பிடுங்கி நடுவதுபோலத்தான். எந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளக் கல் போதாதோ, அங்கே கல்லையும் பழைய ஓடுகளையும் போட வேண்டும். சிப்பியின் தலையெழுத்தை அறியச் சிப்பியை மட்டும் அறுத்துப் பார்த்தால் போதாது. அதன் அடியில் உள்ள கல்லையும், அருகில் உள்ள மணலையும், மேலே ஓடும் நீவாட்டையும், வானத்தில் வீசும் காற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதை ஹார்னெல் அன்று பிடித்துக்கொண்டார். பிறகு வாழ்நாள் முழுதும் அதை விடவே இல்லை.

முத்துச்சிப்பியின் குஞ்சு பிறந்தவுடன் ஒட்டிக்கொள்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத உருவில் மூன்று வாரம் வரை நீரில் மிதந்து திரியும். அது எங்கே போகும் என்பதை நீவாடுதான் தீர்மானிக்கும். கனம் கூடிக் கீழே இறங்கும் நேரத்தில் அடியில் கல்லோ ஓடோ பவளமோ இருந்தால் நூல் போன்ற நாரைச் சுரந்து ஒட்டிக்கொள்ளும். மணலில் விழுந்தால் சாவுதான். சரி, அந்தக் கல் எங்கிருந்து வந்தது? இங்கேதான் எங்கள் ஆசிரியையின் நடுக்கோடு எனக்கு முதலில் அழியத் தொடங்கியது. கடலடிப் பார்களில் பல, சுண்ணாம்பைச் சேர்க்கும் பாசிகள், பவளப் பூச்சிகள், செத்த சிப்பிகளின் ஓடுகள் ஆகியவை மணலோடு கெட்டிப்பட்டு உண்டானவை. அதாவது, அந்த உயிரற்ற கல் ஒரு காலத்தில் உயிருள்ளவற்றின் உடம்பு! உயிர் கல்லைக் கட்டுகிறது. கல் உயிரைத் தாங்குகிறது. இதை எந்தப் பத்தியில் எழுதுவது?

காற்றுக்கும் மணலுக்கும் தப்பிய சிப்பிகளுக்கும் நிம்மதி இல்லை. திருக்கை மீன்கள் கூட்டமாக வந்து தாடையால் நொறுக்கித் தின்றன. கிளாத்தி மீன் கொத்தியது. நட்சத்திர மீன் கட்டிப்பிடித்துத் திறந்தது. துளையிடும் கடற்பஞ்சு ஓட்டை அரித்தது. சூரன் என்று குளியாளிகள் அழைக்கும் ஒருவகைச் சிறு மட்டி, பாய் பின்னியதுபோல் படர்ந்து சிப்பிகளை அமுக்கியது. இத்தனையையும் ஹார்னெல் ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்தார்.

அப்படியானால் திருக்கைகளையெல்லாம் கொன்றுவிட்டால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அங்கே ஒரு வேடிக்கையான முடிச்சு விழுந்தது. முத்துக்களை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தபோது, சிலவற்றின் நடுவே ஒரு நாடாப்புழுவின் இளம்பருவம் இருப்பதாக ஹெர்ட்மேனும் ஹார்னெலும் கண்டார்கள். புழு உறுத்தியதால் சிப்பி தன்னைக் காத்துக்கொள்ள அதைச் சுற்றிப் பளபளப்பான பூச்சைப் பூசுகிறது. அதுவே முத்து என்றார்கள். அந்தப் புழு முழு வளர்ச்சி அடைவது எங்கே? திருக்கையின் குடலில்! சிப்பியைத் தின்னும் பகைவனே முத்துக்கும் காரணமானவன் என்றால், பகைவனை ஒழித்தால் சிப்பி நிறைய இருக்கும், முத்து இருக்காது. பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் இக்கொள்கையை முழுமையாக ஏற்கவில்லை. எல்லா முத்துக்கும் புழு காரணமல்ல. சிப்பியின் மேலுறைத் திசுவின் ஒரு துணுக்கு இடம் மாறி உள்ளே போய், பைபோல் வளர்ந்து பூச்சைச் சுரப்பதே முக்கியம் என்று இன்று தெரிந்திருக்கிறது. ஹார்னெல் தவறியும் இருக்கிறார் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

1903-இல் முத்துக்குளிப்பு மீண்டும் தொடங்கியது. மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டி என்ற வெறும் மணற்காட்டில் ஓலைக் குடிசைகளால் ஒரு நகரமே எழும்பியது. கீழக்கரை, தொண்டி, இராமேஸ்வரம், தூத்துக்குடி ஆகிய ஊர்களிலிருந்து குளியாளிகள் படகேறிப் போனார்கள். அரபு நாட்டாரும் வந்தார்கள். 1905-இல் அரசுக்குக் கிடைத்த வருமானம் மட்டும் 25 லட்சம் ரூபாய்க்கு மேல். அக்காலத்து 25 லட்சம்! பேராசை வந்துவிட்டது. 1906-இல் லண்டனில் அமைந்த ஒரு கம்பெனிக்கு முத்துக்குளிப்பை இருபது ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். குத்தகை ஆண்டுக்கு 3,10,000 ரூபாய். 1907-க்குப் பிறகு சிப்பி இல்லை. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அள்ளிவிட்டார்கள். புதுக் குஞ்சுகள் பிழைத்து வரவில்லை. கம்பெனி 1912-இல் மூடப்பட்டது. நீவாடு குத்தகைப் பத்திரத்தைப் படிக்குமா என்ன?

ஹார்னெல் 1908-ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசின் பணியில் சேர்ந்தார். சர் பிரடெரிக் நிக்கல்சன் என்பவர் தொடங்கியிருந்த மீன்வளத் துறையில், முத்து மற்றும் சங்குக் குளிப்பின் மேற்பார்வை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இனி அவர் நம் கரையின் மனிதர். பின்னாளில் அத்துறைக்கே இயக்குநராகவும் உயர்ந்தார். அவருக்கு முன்பே சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் இராமேஸ்வரத்துக்கு வந்து இக்கடலின் உயிர்களைப் பட்டியலிட்டிருந்தார். பட்டியல் போட்டவர் தர்ஸ்டன்; அவை ஒன்றையொன்று எப்படிப் பற்றிக்கொண்டிருக்கின்றன என்று கேட்டவர் ஹார்னெல் என்று சொல்லலாம்.

1914-இல் அவர் இந்தியச் சங்கைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். வங்காளத்துப் பெண்களின் கையில் ஏறும் சங்கு வளையலுக்கு நம் கடலிலிருந்தே சங்கு போயிற்று. இராமநாதபுரம் கடற்பகுதியின் சங்குக் குளிப்பு உரிமை சேதுபதி மன்னரின் சமஸ்தானத்துக்கு உரியதாக இருந்தது. சங்கும் சிப்பியும் ஒரே கடலில் வாழ்ந்தாலும் குணம் வேறு. சிப்பிக்குக் கல் வேண்டும், சங்குக்கு மணல் வேண்டும். மணலுக்குள் குழாய் கட்டி வாழும் புழுக்களே சங்கின் உணவு. சிப்பி தன் குஞ்சுகளை நீவாட்டை நம்பி விட்டுவிடும். சங்கோ ஆட்டுக் கொம்பு போன்ற ஒரு முட்டைக் கூட்டைக் கட்டி, அதன் ஒரு நுனியை மணலில் ஊன்றி வைக்கும். அறை அறையாக இருக்கும் அந்தக் கூட்டிலேயே குஞ்சுகள் ஓட்டோடு வளர்ந்து, பிறகு அதே மணலில் ஊர்ந்து இறங்கும். என் தாத்தா கொண்டுவந்த அப்படி ஒரு காய்ந்த கூடு எங்கள் வீட்டு மாடத்தில் இன்றும் இருக்கிறது. அது ஏதோ தாவரத்தின் காய் என்றே நான் நீண்ட நாள் நினைத்திருந்தேன்!

எங்கள் பாம்பனுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை. அதை வடகடல் என்போம். தெற்கே மன்னார் வளைகுடா, அது தென்கடல். சோழகம் வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போல் கிடக்கும். வாடை வந்தால் நிலைமை மாறிவிடும். அதற்கேற்ப எங்கே எப்போது குளிப்பது என்று குளியாளிகள் பருவம் பார்த்தார்கள். கலங்கிய நீரில் சங்கு கண்ணுக்குத் தெரியாது. ஆக, மனிதனின் பிழைப்பும் அந்தக் காற்றின் கயிற்றிலேயே கட்டப்பட்டிருந்தது.

ஹார்னெல் மேற்குக் கடற்கரைக்கும் போனார். மலபாரில் மழைக்காலம் முடிந்ததும் மத்தி மீன்கள் ஏன் கூட்டம் கூட்டமாகக் கரையை நெருங்குகின்றன, சில ஆண்டுகளில் ஏன் வருவதே இல்லை என்று ஆராய்ந்தார். ராமசாமி நாயுடு என்பவரோடு சேர்ந்து 1924-இல் வெளியிட்ட ஆய்வில், பருவமழைக்குப் பின் கடலில் பெருகும் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களை மத்தியின் வாழ்வோடு இணைத்துப் பார்த்தார். மழை, அதனால் மிதவை உயிர், அதனால் மத்தி, அதனால் மீனவரின் உலைப்பானை. அதே மலபாரில் சில ஆண்டுகளில் கடல்நீர் நிறம் மாறி மீன்கள் செத்து ஒதுங்கும். ஒரு நுண்ணுயிர் அளவுக்கு மீறிப் பெருகுவதே அதற்குக் காரணம் என்று 1917-இல் அவர் எழுதினார். பல ஆண்டுகளுக்குப் பின், 1954-இல், மலபார்க் கடலைப் பச்சையாக்கி மீன்களைக் கொல்லும் ஒரு நுண்ணுயிரை ஆராய்ந்த சுப்பிரமணியன் என்ற அறிவியலறிஞர் அதற்கு ஹார்னெலியா மரைனா என்று பெயர் சூட்டினார். மனிதருக்குச் சிலை வைப்பார்கள், தெருவுக்குப் பெயர் வைப்பார்கள். இவர் பெயர் போனது ஒரு பொல்லாத பாசிக்கு! அந்தப் பெயரும் நிலைக்கவில்லை. இன்று அந்த உயிரை சட்டோனெல்லா மரைனா என்று அழைக்கிறார்கள்.

2019 செப்டம்பரில் எங்கள் பாம்பன் கடலும் பச்சையாக மாறியது. பூங்கோரை வந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது வேறு நுண்ணுயிர். நாக்டிலூக்கா என்று பெயர். கரையில் செத்த மீன்கள் ஒதுங்கின. அப்போது நான் சிறு குழந்தை. அந்த நாற்றம் மட்டும் நினைவிருக்கிறது. மீன்கள் நஞ்சால் செத்தன என்றே எண்ணியிருந்தேன். நுண்ணுயிர் பெருகும்போதும் செத்து அழுகும்போதும் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைந்துபோவதால் மீன்கள் மூச்சுத் திணறிச் சாகின்றன என்பதை இப்போதுதான் அறிந்தேன். உயிர் நீரை மாற்றுகிறது. மாறிய நீர் உயிரை எடுக்கிறது.

ஹார்னெலுக்குப் படகுகள் மீதும் பெரும் பற்று இருந்தது. நம் கட்டுமரம், வள்ளம், பாக் நீரிணைப் படகுகளில் காற்று வரும் பக்கம் ஆட்கள் ஏறி அமர்ந்து படகைச் சாயாமல் காக்கும் நீண்ட பலகை ஆகிய எல்லாவற்றையும் ஆராய்ந்து 1920-இல் ஒரு நூல் எழுதினார். ஓய்வு பெற்ற பின்னும் சும்மா இருக்கவில்லை. 1924-இல் புறப்பட்ட ஓர் ஆய்வுக் கப்பலில் பசிபிக் தீவுகளுக்குச் சென்றார். உலகப் படகுகளின் வரலாற்றைச் சொல்லும் அவரது பெருநூல் 1946-இல், அவருக்கு எண்பது வயது கடந்த பிறகு வெளிவந்தது. 1949-இல் காலமானார். அவர் எழுதிய கடைசி நூல் மறு ஆண்டு அச்சாகியது.

அவர் தேடிய முத்துச்சிப்பி என்ன ஆயிற்று? தூத்துக்குடிப் பக்கத்தில் 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. அதன்பின் இன்றுவரை நடக்கவில்லை. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் அழகர்சாமி தூத்துக்குடியில் சிப்பிக்குள் சிறு மணியையும் திசுத் துணுக்கையும் வைத்து வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார். ஆனால் பார்களில் அந்தப் பழைய கூட்டம் திரும்பவில்லை.

பார் மட்டுமல்ல, தீவுகளும் போயின. பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் என்று படிக்கிறோம். அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டும் இப்போது கடலுக்குள். தீவைச் சுற்றியிருந்த பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல காலம் வெட்டி எடுத்தார்கள். பவளம் அலையைத் தடுக்கும் சுவர். சுவரை இடித்தபின் மணல் நிற்குமா? 1986-இல் இத்தீவுகள் தேசியப் பூங்காவாயின. 2001-இல் பவளம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. வெட்டுவது நின்றது. ஆனால் 1998, 2010, 2016 ஆகிய கோடைகளில் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடாகி, பவளத்துக்கு நிறமும் உணவும் தரும் நுண்பாசிகள் வெளியேறி, பவளங்கள் வெளுத்துப்போயின. இதை வெறும் செய்தியாக நான் எழுத முடியவில்லை. ஏனென்றால் அம்மாச்சி வீட்டின் பின்சுவர் பவளக் கல்லால் கட்டியது. பூச்சு உதிர்ந்த இடத்தில் பூப்பூவாக, சிறு சிறு நட்சத்திரங்களாக அந்தக் கல் தெரியும். சின்ன வயதில் அதில் விரல் வைத்து எண்ணி விளையாடியிருக்கிறேன். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் கட்டினார்கள், யாருக்கும் தவறென்று தெரியாது என்கிறார்கள் அம்மாச்சி. அது உண்மைதான். ஆனாலும் அந்தச் சுவரைப் பார்க்கும்போது அது எந்தத் தீவின் பங்கு என்று ஒரு கேள்வி வருகிறது.

இக்கட்டுரையை எழுதி முடித்ததும் அம்மாச்சிக்குப் படித்துக் காட்டினேன். புழு என்ற இடத்தில் முகத்தைச் சுளித்தார்கள். பெரிய பாரின் கதையை மட்டும் இரண்டாம் முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். காற்று, மழை, நீவாடு எல்லாம் கூடி வந்தால்தான் சிப்பி பிழைக்கும் என்றுதானே அந்த வெள்ளைக்காரரும் எழுதியிருக்கிறார், நானும் அதைத்தானே சொன்னேன் என்றார்கள். தாத்தா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! மாடத்தில் இருந்த சங்கு முட்டைக் கூட்டை எடுத்துத் துடைத்து, உயிரியல் ஆய்வகத்தில் வைக்க எனக்குக் கொடுத்தார்கள். அதன் ஒரு நுனியில் இன்னும் கொஞ்சம் மணல் ஒட்டியிருக்கிறது.